வலிக்குப் பதில் கூச்சம்

"வெப்சைட் முன்பக்கத்துல மட்டும் மூணு இடத்துல 'வலி'ன்னு இருக்குங்க. நல்லா இருக்கிற பல்லுகூட அதைப் படிச்சா வலிக்க ஆரம்பிச்சுடும். எடுத்துட்டு வேற ஏதாவது மெதுவான வார்த்தையாப் போடுங்க" என்று சொல்லியபடியே டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டார்.

"என்ன வார்த்தை?" என்று கேட்டார் அவருடைய கணவர்.

"கூச்சம்னு போடுங்களேன். பல் கூச்சம்னா யாரும் ஓட மாட்டாங்க."

சிகிச்சை அறைக் கதவு சாத்திக்கொண்டது. கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்.

இன்சூரன்ஸ் அலுவலக வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மனைவியின் பல் கிளினிக்குக்கு உதவியாக வந்தவர் அவர். வந்த புதிதில் எல்லோரும் 'டாக்டரம்மா வீட்டுக்காரர்' என்றார்கள். நாளாக ஆக அது தேய்ந்து வெறும் 'வீட்டுக்காரர்' ஆகிவிட்டது. தாடை வீங்கி வந்த ஒருவர் இவரைக் கட்டடத்துச் சொந்தக்காரர் என்று நினைத்து, மாடி போர்ஷன் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பல்லைக் காட்டினார்.

கிளினிக்கின் வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் டாக்டரம்மாவின் தம்பி. வேலை மாறி வெளியூர் போவதற்கு முன்னால், இதே மேஜையில் உட்கார்ந்து அத்தானுக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் போனான்.

"முன்னெல்லாம் வெப்சைட்ல ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் புரோகிராம் எழுதறவன் காலைப் பிடிக்கணும், அத்தான். இப்ப அது வேண்டாம். இதை ஒரு பீரோன்னு வெச்சுக்குங்க. எழுத்தெல்லாம் ஒரு தட்டுல, படமெல்லாம் ஒரு தட்டுல. மேல போட்டுக்கிற சட்டை தனியா தொங்குது, அதுக்குப் பேரு தீம். நீங்க தட்டுல வெச்சா போதும், அதுவே எடுத்து உடுத்திக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஒரு பேக்கப் எடுத்துடுங்க. ஏதாவது ஆச்சுன்னா பழையபடி திரும்பிடலாம்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் வீட்டுக்காரர். தெரியாது. ஆனால் மச்சினனிடம் போய் எப்படி மறுபடி கேட்பது? அவன் பஸ் ஏறியதும் மனைவியிடம், "இனிமே உன் தம்பியைத் தொந்தரவு பண்ண வேண்டாம். வெப்சைட் என் பொறுப்பு" என்று மார்தட்டியாகிவிட்டது.

மார்தட்டலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய பல் கிளினிக் முளைத்திருந்தது. கண்ணாடிக் கதவு, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா, சுவர் நீளத்துக்கு மீன் தொட்டி. அது வந்ததிலிருந்து டாக்டரம்மாவின் காத்திருப்போர் பெஞ்சில் ஆளுக்கு ஆள் இடைவெளி கூடிக்கொண்டே போனது. போன வாரம் அங்கிருந்து டை கட்டிய மேனேஜர் ஒருவர் வந்தார். "எங்க டாக்டர் உங்களைத் தன்கூட வந்து வேலை பார்க்கச் சொல்றார், மேடம். இந்தச் சின்ன இடத்தைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க?" என்று குழைந்து பேசினார்.

டாக்டரம்மா முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்காரரின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது அதுதான். இருபது வருஷமாகத் தன் பெயர்ப் பலகையைத் தன் கையாலேயே துடைத்து வைத்தவள், எதிர்வாசலைப் பார்த்தபடி, "அவங்க எல்லாத்தையும் முறையாப் பண்றாங்க, இல்லீங்க?" என்கிறாள். நாமும் முறையாகப் பண்ணிக் காட்ட வேண்டாமா?

முறையாகப் பண்ண உட்கார்ந்தவர் கண்ணில் ஒரு பொத்தான் பட்டது. 'தேடி மாற்று' என்றிருந்தது. எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று ஒரு கட்டம், எதைப் போட வேண்டும் என்று இன்னொரு கட்டம். 'வலி' என்று ஒன்றிலும் 'கூச்சம்' என்று மற்றதிலும் அடித்தார். 'எல்லாப் பக்கங்களிலுமா?' என்று பணிவாகக் கேட்டது. முன்பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு மற்ற பக்கங்களில் ஏன் ஜனங்களைப் பயமுறுத்த வேண்டும்? 'ஆம்' என்றார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

டாக்டரம்மா தலையை நீட்டினார். "மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு."

"மூணு இடத்துலயும்?"

"மூணுக்கு மேலயே."

சற்று நேரத்தில் வரவேற்பு மேஜை அக்கா, டெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள். ஆரம்ப நாளிலிருந்து அங்கே இருப்பவள். எது நடந்தாலும் குரல் ஏறாது, இறங்காது.

"சார், ஒருத்தர் கேக்கறார். நம்ம டாக்டரம்மாவுக்குக் கூச்சமே இல்லையாமே, உண்மையான்னு."

"உண்மைதான்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக. "இந்த வயசுலயும் ஐஸ் தண்ணி குடிக்கிறா. துளிக் கூச்சம் கிடையாது."

அக்கா கையை எடுத்தாள். "ஆமாங்க. துளிகூடக் கிடையாதாம். வீட்டுக்காரரே சொல்றார்."

போனை வைத்துவிட்டு, தன் செல்போனில் வெப்சைட்டைத் திறந்து, அவர் முன்னால் வைத்தாள்.

'கூச்சம் இல்லாமல் பல்லைப் பிடுங்குவதில் எங்கள் டாக்டர் வல்லவர்' என்று கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, 'கூச்சம் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது.' வீட்டுக்காரர் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். 'வலிமையான பற்கள்' எல்லாம் 'கூச்சம்மையான பற்கள்' ஆகியிருந்தன. இரண்டு வேளை பல் துலக்க வேண்டும் என்று கிளினிக் 'கூச்சம்யுறுத்தியது'. கடைசிப் பக்கத்தில், 'நீங்கள் தரும் எந்தத் தககூச்சம்லும் ரகசியம் காக்கப்படும்' என்றிருந்தது. அது என்ன என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 'தகவலிலும்' என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளே சத்தமில்லாமல் ஒரு வலி உட்கார்ந்திருந்திருக்கிறது. அதையும் விடாமல் பிடுங்கியிருக்கிறது மிஷின்.

"தம்பிக்கு ஒரு போன் போட்டுடலாமா சார்?" என்றாள் அக்கா.

"எதுக்கு? போட்ட வழியிலேயே திரும்பி வந்தா ஆச்சு."

இந்த முறை முதல் கட்டத்தில் 'கூச்சம்', இரண்டாவதில் 'வலி'. எல்லாப் பக்கங்களிலுமா? ஆம், ஆம்.

வலிமை திரும்பியது. வலியுறுத்தல் திரும்பியது. தகவல் வயிற்றுக்குள் வலி பழையபடி போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

டெலிபோன் அடித்தது. அக்கா கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"யாரு?"

"குழந்தையை முதல் தடவையா கூட்டிட்டு வர்றதா இருந்த அம்மா, சார். வரலையாம்."

"ஏனாம்?"

"முதல் தடவை வலி இருக்கும், அது இயல்பு, ரெண்டு தடவை வந்தா பழகிடும்னு நாமளே போட்டிருக்கோமாம். ரெண்டு தடவை வந்து பழகற அளவுக்குக் குழந்தைக்குத் தெம்பில்லையாம்."

வீட்டுக்காரர் பாய்ந்து பார்த்தார். மச்சினன் நல்ல பிள்ளை. புதிதாக வருபவர்களின் மனசறிந்து, 'முதல்முறை வருகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும். அது இயல்பு. இரண்டு தடவை வந்தால் பழகிவிடும்' என்று எழுதி வைத்திருக்கிறான். சொந்தமாக இருந்த அந்தக் கூச்சமும் இப்போது வலியாகிவிட்டது. 'வருகிறவர்களுக்குக்' என்பதில் கடைசி 'க்' மட்டும் துணையில்லாமல் நின்றது. அடுத்த வரியில், 'வலி மிகுந்தவர்களுக்கு எங்கள் டாக்டர் தனிக் கவனம் செலுத்தி அதை வளரவிடாமல் பார்த்துக்கொள்வார்' என்பதாவது பரவாயில்லை. அதற்கும் கீழே, 'எங்கள் முன் வாயைத் திறக்கும்போது வலி வருவது சகஜம்' என்றிருந்ததைப் படித்தபோது, அவருக்கே வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

எந்த வலி பிறவி வலி, எந்த வலி தான் கொண்டுவந்து விட்ட வலி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருத்த வேண்டும். அதற்கு முன், வருகிறவர்கள் படிக்காமல் இருக்க எழுத்தைக் கொஞ்சம் மறைத்து வைத்தால் நல்லது என்று தோன்றியது. மச்சினன் சொன்ன சட்டை ஞாபகம் வந்தது. சட்டையை மாற்றினால் ஆள் மாறப்போவதில்லை. நீளமான எழுத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, படங்களை மட்டும் பெரிதாகக் காட்டுகிற சட்டையாக ஒன்றைத் தேடி எடுத்தார். மரமேஜை, மெழுகுவர்த்தி, மங்கலான வெளிச்சம் என்று பார்க்கவே நிம்மதியாக இருந்தது. போட்டுவிட்டார்.

டாக்டரம்மா பஞ்சு எடுக்க வெளியே வந்தார். "என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் அழகு படுத்திட்டிருக்கேன்."

"முகத்தையா?"

"வெப்சைட்டை."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வீட்டுக்காரர், மனைவி கண்ணில் படாதபடி கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

டெலிபோன் அடித்தது.

"எத்தனை பேருக்குங்க?" என்று அக்கா கேட்பது காதில் விழுந்தது. "நாலு பேருக்கா... ஜன்னல் ஓரமாவா... ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலிதான் இருக்கு. படுத்துக்கணும். வாயைத் திறந்தே வெச்சிருக்கணும்... இல்லைங்க, ஊட்டிவிட மாட்டோம்."

வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார்.

"இது ஹோட்டல்காரங்களுக்குத் தைச்ச சட்டை போலிருக்கு, சார்" என்றாள் அக்கா.

ஆமாம். ஒவ்வொரு சிகிச்சைக்குப் பக்கத்திலும் ஒரு கரண்டியும் முள்கரண்டியும் குறுக்காக நின்றன. 'முன்பதிவு' இருந்த இடத்தில் 'உங்கள் மேஜையைப் பிடித்து வையுங்கள்' என்றொரு பொத்தான். பல் சுத்தம் செய்வது 'பசியைத் தூண்ட' என்ற தலைப்பின் கீழும், வேர் சிகிச்சை 'சூடாகப் பரிமாறப்படும்' என்ற தலைப்பின் கீழும் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முகமூடியும் துணித் தொப்பியுமாக டாக்டரம்மா கையில் இடுக்கியோடு நிற்கும் படம். அதன் கீழே, 'நம் தலைமைச் சமையற்கலைஞர். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எடுப்பவர்.'

பழைய சட்டை எது என்று தேடினார். எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி தெரிந்தது. ஒன்றைப் போட்டால் கிளினிக் உடற்பயிற்சிக் கூடமானது, இன்னொன்றைப் போட்டால் கல்யாணப் புகைப்படக்காரர் ஆனது. பயந்துபோய் ஹோட்டலுக்கே திரும்பி வந்தார். ஹோட்டலாவது வாய் சம்பந்தப்பட்டது.

கடைசியில், முதலில் கடையைச் சாத்துவோம், பிறகு உள்ளே உட்கார்ந்து நிதானமாகச் சரி செய்வோம் என்று முடிவெடுத்தார். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியதும், 'பராமரிப்பு நடக்கிறது, விரைவில் வருகிறோம்' என்று ஒரு திரை விழுந்தது. 'இந்த நேரத்தில் யார் யார் உள்ளே வரலாம்?' என்று கேட்டது. அன்றைக்கு ஜனங்களைக் கண்டாலே அலறிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், 'யாரும் வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

சொன்ன சொல்லைத் தட்டாமல் அது அவரையும் வெளியே தள்ளித் தாழ் போட்டுக்கொண்டது. பாஸ்வேர்டைப் போட்டார். 'விரைவில் வருகிறோம்' என்றது. மறுபடி போட்டார். 'விரைவில் வருகிறோம்.'

"உள்ள இருக்கிறவன் நானே வெளியில நிக்கிறேன், நீ எங்கேர்ந்து வர்றே?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்.

இனி மானத்தைப் பார்த்தால் ஆகாது. மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் நடந்ததையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். நடுவில் இருமல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அத்தான், பேக்கப் எடுத்தீங்களா?"

"எடுக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சேன்."

"பரவாயில்லை, என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா இன்னிக்கு முழுக்க இங்க டிரெயினிங். நாளைக்கு மத்தியானம்தான் உட்கார முடியும். அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க."

"சொல்லு மாப்ளே."

"எதையும் தொடாதீங்க."

மாலையில் கடைசி ஆள் போன பிறகு, வீட்டுக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கூச்சத்திலிருந்து தாழ்ப்பாள் வரை எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். பேச்சு தலைமைச் சமையற்கலைஞருக்கு வந்தபோது தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று முதுகுப் பக்கமிருந்து தெரியவில்லை.

"கோபமா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க." குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். முகத்தில் சிரிப்புதான் இருந்தது, ஆனால் அசந்துபோன சிரிப்பு. "இருக்கிற நாலு பேரையும் பிடிச்சு வெச்சுக்க ஒவ்வொரு வார்த்தையாத் தேடித் தேடி மாத்திட்டிருக்கோம். அவங்களுக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. எல்லாம் அதுஅது பாட்டுக்கு நடக்குது. நாளைக்கு அந்த மேனேஜர் பதில் கேக்க வருவார். சரின்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

வீட்டுக்காரருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் யோக்கியதையைக் காலையிலேயே தன் கையால் தேடி மாற்றிவிட்டதாகத் தோன்றியது.

மறுநாள் காலை பெஞ்ச் காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்காரர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா, வருவதற்கு யாரும் இல்லாத நாற்காலியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தாள்.

எதிர்வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. டை கட்டிய மேனேஜர் தெருவைக் கடந்து வந்தார்.

"வந்துட்டார்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கோட்டை நீவிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேனேஜரின் டையைப் பார்த்தார். அது கோணலாக இருந்தது. போன வாரம் வந்தபோது இருந்த மிடுக்கும் இல்லை. காலி பெஞ்சை ஒரு பார்வை, மூடிக்கிடந்த கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"உட்காருங்க" என்றார் டாக்டரம்மா. "நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். நீங்க கேட்ட விஷயம்..."

"அது இருக்கட்டும், மேடம். அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று அவசரமாகக் கையை ஆட்டினார் மேனேஜர். பிறகு தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரரின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்:

"சார், உங்க வெப்சைட்டைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்து விடுங்க. வழக்கம்போல நேத்துக் காலைலயும் அதுலேர்ந்து அப்படியே எடுத்து எங்களுதுல ஒட்டிட்டோம், சரியானதைப் பார்த்துத் திருத்தலாம்னா நீங்க பூட்டிட்டீங்க. எங்க டாக்டருக்குக் கூச்சமே இல்லைன்னு ஊரே சிரிக்குது!"